ஒரே குதிரை, இரண்டு கணக்கு: நெடுந்தீவும் கோடியக்கரையும்

பாக்கு நீரிணையின் இரு பக்கத்திலும் கட்டாக்காலிக் குதிரைகள் மேய்கின்றன. ஒன்று நம் நெடுந்தீவு; மற்றது வேதாரணியத்துக்குத் தெற்கே கோடியக்கரை. இரண்டும் தட்டையான, வறண்ட, உப்புக்காற்று வீசும் நிலம். இரண்டிலும் மேய்பவை, மனிதர் வளர்த்துக் கைவிட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவை. இரண்டும் சட்டப் பாதுகாப்புப் பெற்ற இடங்கள்: கோடியக்கரை 1967இல் சரணாலயமானது, நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவானது. இந்த மேய்ச்சல் நிலங்களை அச்சுறுத்தும் அந்நியக் களைகளை ஒழிக்க நிதி கேட்கும்போது இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

முதல் வேறுபாடு, குதிரைக்கு உள்ள மதிப்பு. போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகள் நெடுந்தீவின் அடையாளம். குறிகட்டுவானில் படகேறும் பயணிகளில் பலர் அவற்றைப் பார்க்கவே வருகிறார்கள். கோடியக்கரையிலோ சரணாலயம் வெளிமானுக்காக அமைந்தது. அங்கே குதிரை, மானின் புல்லில் பங்கு கேட்கும் விருந்தாளி.

அடுத்தது களை. கோடியக்கரைப் புல்வெளியைச் சீமைக்கருவேல் பல பத்தாண்டுகளாக விழுங்கி வருகிறது. வெளிமான் திறந்த வெளியில் வாழும் விலங்கு. தூரத்திலேயே பகையைக் கண்டு ஓடுவதுதான் அதன் தற்காப்பு. முட்புதர் அடைத்தால் புல்லும் போகும், பார்வையும் போகும். இதில் குதிரைக்கும் பங்குண்டு. சீமைக்கருவேலங்காய் இனிப்பானது. குதிரை அதை விரும்பித் தின்னும், ஆனால் விதை செரிக்காது. வயிற்றுக்குள் அதன் கடினத் தோல் இளகிவிடும். மழை பெய்தபின் காய்ந்த சாணத்தைக் கிளறினால் சிறு இலையோடு கன்றுகள் தலைநீட்டும். ஒரு பக்கம் ஆள்வைத்து வெட்ட, மறுபக்கம் குதிரை விதைத்துக்கொண்டே போகிறது. மானும் ஆடும் மாடும்கூட இதே வேலையைச் செய்கின்றன.

நம் பக்கத்தில் அச்சம் வேறு. யாழ் குடாநாட்டில் பரவிய பார்த்தீனியக் களை, 1980களின் இறுதியில் இந்திய அமைதிப்படையின் உணவுக்காக வந்த ஆடுகளோடு வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு செடி பதினைந்தாயிரத்துக்கும் மேல் விதை உதிர்க்கும். கால்நடை அதை விரும்பி மேயாது. ஆகவே அது வளர வளர மேய்ச்சல் சுருங்கும். சீமைக்கருவேலோ மன்னார்க் கரையில் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. அது நெடுந்தீவில் பரவினால், தீவின் செல்லப்பிள்ளையான குதிரையே அதன் முதல் விதைப்பாளனாகும். கோடியக்கரை நமக்குச் சொல்லும் எச்சரிக்கை இதுதான்.

மூன்றாவது, பணம். தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியக் களைத்தாவரங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. பணம் பெரும்பாலும் அரசுத் திட்டங்கள் வழியே வருகிறது. அங்கே வெட்டிய சீமைக்கருவேலுக்கு விறகாகவும் கரியாகவும் விலை உண்டு. அதனால் வேலை விரைவாக நடக்கிறது. ஆனால் விலை தருவது பருத்த அடிமரம். பென்சில் கனத்துக் கன்றைப் பிடுங்க யாருக்கும் ஆதாயமில்லை. வேரோடு எடுக்காத அடிக்கட்டை சில மாதங்களில் மீண்டும் துளிர்க்கிறது.

இலங்கையில் உலகச் சுற்றாடல் வசதியத்தின் நன்கொடை, ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக, 2011 அளவில் தொடங்கிய அந்நிய ஆக்கிரமிப்பு இனக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு வந்தது. தொகை சுமார் 18 இலட்சம் டொலர். கொள்கை வகுக்கவும் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரவும் அது உதவியது. அதே வசதியத்தின் சிறுமானியத் திட்டம், உள்ளூர் அமைப்புகளுக்குச் சிறு தொகைகளைத் தருகிறது. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுச் சங்கங்களுக்குப் பொருந்தும் அளவு இதுவே.

நெடுந்தீவுக்கு ஒரு பெரிய வசதி, கடல். வைக்கோல், மணல், ஆடுமாடு எல்லாமே படகில்தான் வரவேண்டும். இறங்குதுறையில் சோதனை வைத்து, முளைக்கும் முதல் செடியையே பிடுங்க ஊதியம் தந்தால், பின்னாளில் புதர் அகற்றும் இயந்திரத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. கோடியக்கரைக்கு அந்த வாய்ப்பு எப்போதோ கடந்துவிட்டது. நமக்குள்ள குறை தண்ணீர். வறட்சியில் குதிரைகள் மடிவது நாம் அறிந்ததே. ஆகவே இங்கே வாழிட மீட்பு என்றால் களையோடு குளம், கேணித் தூர்வாரலும் சேரவேண்டும். களைக்கு மட்டும் வரும் நிதி பாதி வேலையைத்தான் செய்யும்.

இரண்டு கரைக்கும் ஒரே பாடம்: எத்தனை ஏக்கர் வெட்டினோம் என்ற கணக்கைக் காட்டி நிதியை முடிக்கக்கூடாது. மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடிருக்கும். ஆகவே ஒப்பந்தத்திலேயே குறைந்தது ஐந்து மழைக்காலப் பின்பராமரிப்பை எழுதி, கடைசித் தவணையைப் புல் திரும்பிய பிறகே கொடுக்க வேண்டும். கணக்குப் பார்ப்பவர் அந்தப் புல்லில் மேய்கிற விலங்கை எண்ணட்டும்.