எண்ணெயும் நஞ்சும்: தமிழகப் பயிர்ப் பாதுகாப்பில் தாவர எண்ணெய் – பூச்சிக்கொல்லிக் கலப்பின் வரலாறு

முன்னுரை

சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தை அடுத்துள்ள தண்டலமும், அதற்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை விரியும் ஊர்களும் இன்று தொழிற்பேட்டைகளின் பெயரால் அறியப்படுகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்குவதற்கு முன்னர் இப்பகுதி பெரிதும் ஏரிப்பாசன நெல் நிலமாக இருந்தது. நெல் முற்றிலும் நீங்கிவிடவில்லை. நெல் உள்ள இடத்தில் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் உண்டு. தமிழக நெல் விவசாயி வேப்பெண்ணெயையும் கடையில் வாங்கிய மருந்தையும் ஒரே தெளிப்பான் தொட்டியில் ஊற்றுவதுண்டு. இச்செயல் மரபு அறிவும் நவீன அறிவும் கைகோத்ததன் அடையாளமாகப் பல வேளாண் எழுத்துகளில் பாராட்டப்படுகிறது. இதன் வரலாறு அவ்வளவு எளிதானதன்று. எண்ணெயை நஞ்சோடு சேர்த்ததற்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நோக்கங்கள் இருந்தன. அவற்றைப் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் வேண்டும். வேப்பெண்ணெய், புங்க எண்ணெய், எள்ளெண்ணெய் ஆகியவை விதையைப் பிழிந்து பெறும் கொழுப்பு எண்ணெய்கள். நீலகிரித் தைலம், எலுமிச்சம்புல் எண்ணெய், கிராம்பெண்ணெய் போன்றவை ஆவியில் வடித்தெடுக்கும் நறுமண எண்ணெய்கள். இவை காற்றில் விரைந்து மறையும். 'தாவர எண்ணெய் மருந்து' என்று இரண்டையும் ஒன்றாக வழங்குவது குழப்பத்திற்கு இடமளிக்கிறது.

எண்ணெய் ஊடகமாக இருந்த காலம்

டி. பெயின்பிரிக் பிளெட்சர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகள் குறித்து வெளியிட்ட நூலும், டி.வி. இராமகிருஷ்ண ஐயர் 1940இல் வெளியிட்ட பொருளாதாரப் பூச்சியியல் கையேடும் இத்துறையின் அடிப்படை நூல்கள். அக்காலத்தில் பரிந்துரைக்கப்பட்ட மண்ணெண்ணெய்ப் பால்மம், மீனெண்ணெய்ச் சோப்பு, சோப்புச் சேர்த்த புகையிலைக் கஷாயம் ஆகியவற்றில் எண்ணெயின் பணி பெரும்பாலும் இயற்பியல் சார்ந்தது. அது நஞ்சை இலையில் பரப்பும், ஒட்டவைக்கும், மென்மையான உடல் கொண்ட அசுவினி போன்ற பூச்சிகளின் மூச்சுத் துளைகளை அடைக்கும். நஞ்சின் வேதியியல் வினையில் எண்ணெய் தலையிடும் என்ற எண்ணம் அன்று இல்லை.

எள்ளெண்ணெயும் பைரித்ரமும்

அந்த எண்ணம் பயிர் வயலில் பிறக்கவில்லை. ஈயையும் கொசுவையும் கொல்லும் முயற்சியில் பிறந்தது. 1930களின் இறுதியில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சார்ந்த பால் ரசல், பட்டுக்கோட்டை வட்டாரச் சிற்றூர்களில் வீடுகளுக்குள் பைரித்ரம் தெளித்து மலேரியாக் கொசுக்களைக் கொல்லும் சோதனைகளை நடத்தினார். பைரித்ரம் ஒருவகைச் சாமந்தியின் உலர்ந்த பூவிலிருந்து கிடைப்பது. பூச்சியை உடனே வீழ்த்தும். ஆனால் விலை மிகுதி. வீழ்ந்த பூச்சி சிலபோது மீண்டெழுந்து பறந்துவிடும்.

1940இல் அமெரிக்காவில் கிரெய்க் ஈகிள்சன், பைரித்ரத்துடன் எள்ளெண்ணெய் சேர்த்தால் அதன் கொல்லும் திறன் கூடுவதைக் கண்டு காப்புரிமை பெற்றார். எள்ளெண்ணெய் தனித்து ஈயைக் கொல்வதில்லை. இரண்டும் சேர்ந்தபோது கிடைத்த பயன் தனித்தனிப் பயன்களின் கூட்டுத்தொகையினும் மிகுந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய பூச்சித் தெளிப்புக் குப்பிகளில் பைரித்ரத்துடன் எள்ளெண்ணெயும் அடைக்கப்பட்டிருந்தது. பைரித்ரத்தால் கொசுவொழிப்புச் சோதனை நடந்த தஞ்சைப் பகுதியில் அதே எண்ணெய் நல்லெண்ணெயாக அடுப்படியில் இருந்தது. இவ்விரண்டையும் இணைத்துக் காண அங்கு எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

1942இல் ஹாலர், லாஃபோர்ஜ், சலிவன் ஆகியோர் இப்பண்புக்கு எள்ளிலுள்ள செசாமினையும் அதன் மூலக்கூற்று அமைப்பையும் காரணமாகக் காட்டினர். அவ்வமைப்பின் முதன்மைக் கூறாகிய மெத்திலீன்டையாக்சிஃபினைல் தொகுதி மிளகின் பைப்பரினிலும், சாசஃப்ராஸ் என்னும் மரத்தின் நறுமண எண்ணெயிலுள்ள சாஃப்ரோலிலும் உண்டு. சாஃப்ரோலிலிருந்து 1947இல் உருவாக்கப்பட்ட பைப்பரோனில் பியூட்டாக்சைடு இன்றளவும் உலகெங்கும் பைரித்ராய்டு மருந்துகளில் வீரியமூட்டியாகச் சேர்க்கப்படுகிறது. ஆக, நறுமண எண்ணெய்க்கும் பூச்சிக்கொல்லிக்குமான கூட்டு அண்மைக்காலப் புதுமை அன்று. ஓர் எண்ணெயின் வழித்தோன்றல் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செயற்கை மருந்துக்குள் பெயர் மாறி வாழ்ந்து வருகிறது.

இது செயற்படும் முறை பின்னரே விளங்கியது. பூச்சியின் உடலில் நஞ்சைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. வீரியமூட்டி அந்நொதிகளைப் பிணித்துவிடுகிறது. சிதையாத நஞ்சு தன் வேலையைச் செய்கிறது. மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற பூச்சிகள் பலவற்றில் இந்நொதிகளே மிகுந்திருக்கும். 1987இல் ஆந்திரப் பருத்தியில் பைரித்ராய்டுகளுக்கு அடங்காத காய்ப்புழு பெருகிய பின்னர் இந்திய ஆய்வாளர்கள் வீரியமூட்டிகளின்பால் திரும்பியதற்குக் காரணம் இதுவே. ஆயினும் நொதியைப் பிணிக்கும் பொருள் தீய பூச்சி, நல்ல பூச்சி என்று பிரித்தறிவதில்லை. தேனீக்கும் இத்தகைய நொதிகளே காப்பு. எண்ணெய் சேர்த்தால் நஞ்சின் கேடு குறையும் என்ற பொதுநம்பிக்கை இவ்விடத்தில் தலைகீழாகிறது: அளவைக் குறைக்காமல் வீரியத்தை மட்டும் கூட்டினால் கேடும் கூடும்.

புகையான் கற்பித்தது

வேம்பு வேறு வழியில் வந்தது. 1942இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய பொருள்களைப் பிரித்தார். 1962இல் வடஇந்தியாவில் வெட்டுக்கிளிப் படையெடுப்பின்போது, டில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். பிரதானும் அவர்தம் குழுவினரும் வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தின்னாமல் விட்டதைப் பதிவு செய்தனர். 1968இல் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தனர். இப்பொருள் உடனே கொல்வதில்லை. உண்ணும் விருப்பத்தைக் கெடுக்கும், தோலுரிப்பைத் தடுக்கும். மருந்து அடித்த மறுநாள் வயலில் செத்த பூச்சியைத் தேடும் கண்ணுக்கு வேம்பு தோற்றுப்போனதாகவே தெரியும். அதனுடன் வீரியமான மருந்தைச் சேர்க்கும் பழக்கத்திற்கு இந்த ஏமாற்றம் ஒரு காரணம் எனலாம்.

நெல்லில் வேம்புக்கு இடம் கிடைத்தது செயற்கை மருந்தின் தோல்வியால். குட்டை ரகங்களும் தழைச்சத்து மிகுதியும் வந்தபின் புகையான் பெரும்பூச்சியாயிற்று. 1973–74இல் கேரளத்தில் பேரழிவை விளைவித்தது. மருந்து அடித்த வயல்களிலேயே அது முன்னிலும் பெருகிய விந்தையைத் தமிழ்நாட்டுப் பூச்சியியலாளர் எஸ். செல்லையா, பிலிப்பைன்சு பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஈ.ஏ. ஹெயின்ரிக்சுடன் இணைந்து ஆராய்ந்து 1980இல் வெளியிட்டார். அதுவரை இயற்கை எதிரிகளின் அழிவே காரணமாகப் பேசப்பட்டது. சில மருந்துகள், குறைந்த அளவில் புகையானின் உணவெடுப்பையும் முட்டையிடும் திறனையும் தாமே தூண்டுகின்றன என்பது இவ்வாய்வின் கொடை. 1986இல் இந்தோனேசிய அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் தடை செய்ததன் பின்புலம் இத்தகைய அறிவே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் செயற்கைப் பைரித்ராய்டுகள், மெத்தில் பாரத்தியான், ஃபென்தியான், குயினால்பாஸ் ஆகியவற்றைப் புகையானுக்குத் தவிர்க்கச் சொல்லி, 3% வேப்பெண்ணெயையும் 5% வேப்பங்கொட்டைப் பருப்புச் சாற்றையும் பரிந்துரைத்தது. அதே நெல் நிலையத்தில் ஆர்.சி. சக்சேனா வேப்பெண்ணெயையும் சீத்தாப்பழ விதை எண்ணெயையும் கலந்து, துங்ரோ நச்சுயிரியைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சிக்கு எதிராகச் சோதித்தார்.

புகையானுக்கான இப்பரிந்துரையில் வேம்பு, தவிர்க்கப்பட்ட மருந்துகளுக்கு மாற்றாக நின்றதேயன்றி அவற்றின் துணையாக அன்று. ஒரே தொட்டியில் சேர்க்கும்போது இந்த வேறுபாடு அழிகிறது. மறுபெருக்கத்தைத் தூண்டும் மருந்தோடு வேப்பெண்ணெயைக் கலந்து அடிப்பவர், வேம்பு எதைத் தவிர்க்க வந்ததோ அதையே அதன் துணையோடு செய்கிறார். (வேப்பெண்ணெய் செயற்கை வேளாண் பொருளோடு மிகப் பெரிய அளவில் சேர்ந்தது பூச்சிமருந்திலன்று, உரத்தில்: 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேம்பு பூசப்பட்டே வருகிறது.)

தொட்டியில் நிகழ்வது

கலவையின் வேதியியலும் எப்போதும் விவசாயிக்குத் துணை நிற்பதில்லை. அசாடிராக்டின் வெயிலிலும் காரத்தன்மையிலும் விரைந்து சிதையும். சுண்ணாம்பு சேர்ந்த போர்டோ கலவையோடு சேர்த்தால் வேப்பமருந்துக்குக் கொடுத்த விலை வீண். கந்தகத்தோடு எண்ணெய் சேர்ந்தால் இலை கருகும். நறுமண எண்ணெய்களுள் சில, பைரித்ராய்டுகளின் திறனைக் கூட்டுவதும், வேறு சில இணைகள் ஒன்றையொன்று மழுக்குவதும் ஆய்வகங்களில் காணப்பட்டுள்ளன. மூடிய கண்ணாடிக் குடுவையில் கிட்டும் முடிவு சித்திரை வெயிலில் திறந்த வயலில் அப்படியே கிட்டும் என்று கொள்வதற்கில்லை. அதனால்தான் இவ்வெண்ணெய்கள் களஞ்சியங்களிலும் வீட்டுக் கொசுவிரட்டிகளிலும் பெற்ற இடத்தை வயலில் இன்னும் பெறவில்லை.

அமெரிக்கா 1996இல் கிராம்பு, ரோஸ்மேரி, சிட்ரோனெல்லா போன்ற எண்ணெய்களைக் குறைந்த இடருடையவை என்று வகுத்துப் பதிவிலிருந்து விலக்களித்தது. இந்தியாவில் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வேப்பமருந்தும் பதிவு பெறவேண்டும். இரு மருந்து சேர்ந்த தயாரிப்புக்குத் தனிப்பதிவு வேண்டும். இச்சட்டத்தின் பார்வை ஆலையிலிருந்து வெளிவரும் புட்டியின்மீது உள்ளது. வரப்பில் வாளியில் நிகழும் கலப்பை அது எட்டுவதில்லை. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தோருள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, ஆளுயரம் வளர்ந்த செடிகளோடு மருந்துகளைக் கலந்து அடித்ததும் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. அங்குக் கலந்தவை செயற்கை மருந்துகள். ஆனால் எண்ணெயும் சோப்பும் நஞ்சைப் பூச்சியின் மேல்தோலினூடே செலுத்தவல்லவை என்பதும், தெளிப்பவரின் கையும் முதுகும் நனையும் கைத்தெளிப்பானே சிறு நெல் வயல்களில் இன்றும் பெருவழக்கு என்பதும், வேப்பெண்ணெய்க் கலவைக்குத் தனி எச்சரிக்கை தேவை என்பதைக் காட்டுகின்றன. அத்தகைய எச்சரிக்கை வேப்பெண்ணெய்ப் புட்டியின் சீட்டில் இடம்பெற வேண்டுமா, கடைமருந்துப் புட்டியின் சீட்டிலா என்பதைப் பதிவுக் குழுவே முடிவு செய்ய இயலும்.