நடுக்களத்துக் காவலன் – 5: தோட்டத்தில் புதைத்த பணம்

வலான்சியென் அணி தங்கியிருந்த ஹோட்டலில், ஜாக் கிளாஸ்மன் அறைத் தொலைபேசி அடித்ததோடு சென்ற வாரம் நிறுத்தினோம். 1993 மே 19, இரவு. மறுநாள் அவருடைய அணி, பிரான்சின் முதல் நிலை அணியான மார்செய்யோடு மோத வேண்டும்.

எதிர்முனையில் பேசியவர் மார்செய் ஆட்டக்காரர் ழான்-ஜாக் எய்தெலி. செய்தி சுருக்கமானது. நாளைக்கு முழு வேகத்தில் ஆட வேண்டாம், எங்கள் ஆட்களைக் காயப்படுத்த வேண்டாம், அதற்கு உரிய பணம் வந்து சேரும். அந்த ஆட்டம் முடிந்து ஆறு நாள் கழித்து மியூனிக்கில் ஏசி மிலானுக்கு எதிராக ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் காத்திருந்தது. அதற்கு முன் ஒரு கணுக்கால்கூடப் பிசகிவிடக் கூடாது என்பதுதான் மார்செய் நிர்வாகத்தின் கணக்கு.

இதே அழைப்பு இன்னும் இருவருக்கும் போனது. ஒருவர் கிறிஸ்டோஃப் ரோபேர். மற்றவர் 1986 உலகக்கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவின் வெற்றிக் கோலை அடித்த புருச்சாகா. கிளாஸ்மன் மட்டும் மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல் பயிற்சியாளரிடம் சொன்னார். ஆட்ட இடைவேளையில் விஷயம் நடுவர் காதுக்கும் போயிற்று. மார்செய் 1–0 என்று வென்றது.

இந்த இரவில் நம் நாயகன் எங்கே இருந்தான்? டிடியே டெஷாமுக்கு அப்போது வயது 24. பையோன் ஊரில் பிறந்து, நான்ட் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்து, மார்செய்யின் தலைவனாகியிருந்தான். மியூனிக்கைத் தவிர வேறு எதுவும் மனதில் இருந்திருக்க முடியாத வயது, தருணம்.

மே 26 வந்தது. முதல் பாதி முடியும் தறுவாயில் அபேதி பெலே கார்னரிலிருந்து பந்தைத் தூக்கினார். பசில் போலி எழும்பித் தலையால் முட்டினார். ஒரே கோல். அதை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதி முழுக்க மிலானைத் தடுத்து நின்றார்கள். அந்தப் பெரிய வெள்ளிக் கோப்பையை ஒரு பிரெஞ்சு அணி தொடுவது அதுவே முதல் முறை. அதைத் தூக்கிய தலைவர்களில் டெஷாம்தான் மிக இளையவன்.

ஆனால் ஒரு மாதம்கூட அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ரோபேரின் உறவினர் வீட்டுத் தோட்டத்தைப் போலீஸ் தோண்டியது. ஓர் உறை. உள்ளே இரண்டரை லட்சம் பிராங்க்.

அதன்பின் எல்லாம் சரியத் தொடங்கியது. பிரெஞ்சு லீக் பட்டத்தைப் பறித்தார்கள். அடுத்த ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் ஆடத் தடை. 1994இல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள். கழகத்தின் அதிபர் பெர்னார் தாப்பியைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்த்தது. அவர் சிறைக்கும் போனார். மியூனிக் கோப்பையை மட்டும் யாரும் திரும்பக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்ன கிளாஸ்மனையோ பிரான்சின் மைதானங்கள் பல மாதங்கள் கூச்சலிட்டு அவமதித்தன. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் அதுதான். பிற்பாடு ஃபிஃபா அவருக்கு நேர்மை விருது கொடுத்தது. ஆனால் பட்ட அவமானத்தை எந்த விருதும் துடைத்துவிடாது.

டெஷாம் மீது எந்தக் குற்றமும் இல்லை. இருந்தும் அவன் நின்ற வீடு இடிந்தது. அந்த இடிபாடு அடங்குவதற்குள் இன்னொன்று.

1993 நவம்பர் 17, பாரிஸ். உலகக்கோப்பைக்குப் போக பிரான்சுக்குப் பல்கேரியாவோடு ஒரு சமநிலை போதும். ஆட்டம் 1–1. கடைசி நிமிடம். பல்கேரியாவின் மூலைக்கொடி அருகே பந்து பிரான்சிடம். அங்கேயே நிறுத்தி வைத்திருந்தால் அமெரிக்காவுக்கு விமானம் ஏறியிருக்கலாம். டேவிட் ஜினோலா அதை உள்ளே தூக்கி அடித்தார். நீளமாகப் போய்விட்டது. பல்கேரியர்கள் பந்தை எடுத்தார்கள். சில நொடிகளில் எமில் கொஸ்டடினோவ் வலது பக்கத்திலிருந்து உதைத்த உதை மேல்கம்பியில் உரசி வலைக்குள் பாய்ந்தது. 1–2. மே மாதத்தில் ஐரோப்பாவின் உச்சியில் நின்றவன் நவம்பரில் உலகக்கோப்பைக்கே வெளியே நின்றான்.

டெஷாமைப் புரிந்துகொள்ள இந்த 1993 போதும் என்றே நான் நினைக்கிறேன். பிற்காலத்தில் பயிற்சியாளராக அவருடைய அணிகள் அழகை விடப் பத்திரத்தைத் தேர்ந்தெடுக்கின்றன என்று பலரும் குறை சொன்னார்கள். ஒரு தேவையற்ற உதையால் நான்கு ஆண்டு உழைப்பு போவதைக் களத்தில் நின்று பார்த்தவர் அவர்.

1994இல் இத்தாலிக்குப் போனார், யுவென்டஸுக்கு. அங்கே மார்செலோ லிப்பியின் கீழ் மூன்று லீக் பட்டம். 1996இல் ரோமில் அயாக்ஸை பெனால்டியில் வென்று இரண்டாவது ஐரோப்பியக் கோப்பை. அடுத்த இரண்டு ஆண்டும் இறுதிவரை போய்த் தோற்றார்கள்.

அந்த 1996இல்தான் எரிக் கான்டனா அந்த வார்த்தையை வீசினார். டெஷாம் வெறும் தண்ணீர் சுமப்பவன், அப்படிப்பட்டவன் எந்தத் தெருமுனையிலும் கிடைப்பான் என்றார். கான்டனா அழகாக ஆடியவர், சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு ஒன்று தெரியாமல் போயிற்று. ஜிடான் முன்னே போகும்போது பின்னே திறந்து கிடக்கும் நிலத்தை யார் காக்கிறார்? பந்து பறிபோன அடுத்த நொடி எதிரணி எந்த வழியே வரும் என்று யார் முன்கூட்டியே போய் நிற்கிறார்? பாதுகாப்பு வரிசைக்கு நான்கைந்து அடி முன்னால், ஓயாமல் பேசிக்கொண்டு, ‘நீ இடது பக்கம் போ, நீ நில்’ என்று கை காட்டிக்கொண்டு ஓடியவர் டெஷாம். அவர் சரியாகச் செய்த வேலை கண்ணில் படாது. ஆபத்து வராமலே போய்விடும், அவ்வளவுதான். கான்டனாவுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: இரண்டு ஐரோப்பியக் கோப்பை வென்றவர்கள் எத்தனை பேர் தெருமுனையில் கிடைப்பார்கள்?

1998 ஜூலை 12, உலகக்கோப்பை இறுதி, எல்லோரும் அறிந்த நாள். ஜிடானின் இரண்டு தலைமுட்டுகள், பிரேசில் 0–3. நான் அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கும்போது 68ஆவது நிமிடத்திலிருந்து பார்ப்பேன். மார்செல் டெசாயி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறுகிறார். நான்ட் பள்ளியில் பதின்வயதிலிருந்து டெஷாமின் நண்பர். பத்துப் பேர், எதிரே ரொனால்டோ, ரிவால்டோ. அடுத்த இருபது நிமிடங்கள் தலைவனின் கைகளைக் கவனியுங்கள். பயிற்சியாளர் டெஷாம் அங்கேயே பிறந்துவிட்டார்.

2000இல் நாடுகளுக்கான யூரோ கோப்பையையும் தூக்கிவிட்டு 103 ஆட்டங்களோடு நாட்டு அணியிலிருந்து விலகினார். செல்சி, வலென்சியா என்று இரண்டு பருவங்கள் ஓடின. 2001இல், 32 வயதில், பூட்ஸைக் கழற்றியதும் மொனாகோ அவரைப் பயிற்சியாளராக அழைத்தது.

முதல் பருவம் சோதனை. 15ஆவது இடம். அணிக்குக் கடன் தலைக்கு மேல். 2003இல் கணக்கைப் பார்த்த பிரெஞ்சுக் கால்பந்து நிதி அமைப்பு, கழகத்தை இரண்டாம் பிரிவுக்கு இறக்கவே உத்தரவிட்டது. மேல்முறையீட்டில்தான் தப்பியது. புதிய ஆள் வாங்கக் காசில்லை. ரியல் மாட்ரிட் வேண்டாமென்று ஓரம் கட்டிய பெர்னாண்டோ மொரியென்டெஸை இரவல் வாங்கினார்.

2004 சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியில் எதிரே வந்தது அதே ரியல் மாட்ரிட். அங்கே போய் 4–2 என்று தோல்வி. மொனாகோவில் ரவுல் இன்னொரு கோல் அடித்தார். முடிந்தது என்று நினைத்த நேரத்தில் ஜூலி ஒன்று, மொரியென்டெஸ் ஒன்று, மறுபடி ஜூலி. 3–1. வெளியூரில் அடித்த கோல் கணக்கில் மாட்ரிட் வெளியே. அரை இறுதியில் செல்சியும் வீழ்ந்தது. மே 26, மியூனிக்கில் வென்ற அதே தேதி, கெல்சென்கிர்ஷனில் இறுதி ஆட்டம். ஆனால் 23ஆவது நிமிடத்தில் தலைவன் ஜூலி காயத்தோடு வெளியேற, மொரின்யோவின் போர்ட்டோ 3–0 என்று வென்றது. 2005 செப்டம்பரில் டெஷாம் மொனாகோவை விட்டார்.

பல மாதம் வேலையில்லை. 2006 கோடையில் இத்தாலியிலிருந்து ஓர் அழைப்பு.

அழைத்தது யுவென்டஸ். அவர் ஐந்து ஆண்டு ஆடிய கழகம். ஆனால் அதன் நிலை என்ன? நடுவர்களை நியமிப்பதில் கழக நிர்வாகிகள் தலையிட்ட தொலைபேசி உரையாடல்கள் வெளியாகி, விசாரணை நடந்துகொண்டிருந்தது. பயிற்சியாளர் கபெல்லோ விலகிவிட்டார். அந்த ஜூலையில் பெர்லினில் நடந்த உலகக்கோப்பை இறுதியில், இரு அணிகளையும் சேர்த்து எட்டு யுவென்டஸ் ஆட்டக்காரர்கள் களம் கண்டார்கள். அவர்களுடைய கழகம் அடுத்த மாதம் எந்தப் பிரிவில் ஆடும் என்று அவர்களுக்கே தெரியாது. நிர்வாகம் செய்த பிழைக்கு ஆட்டக்காரன் என்ன விலை கொடுப்பான் என்பதை 1994இலேயே அனுபவித்திருந்த டெஷாம், தீர்ப்பு வருவதற்கு முன்பே சரி என்றார்.

தீர்ப்பு வந்தது. வரலாற்றில் முதல் முறையாக யுவென்டஸ் இரண்டாம் பிரிவுக்கு. அதுவும் 30 புள்ளி கழித்து, மேல்முறையீட்டில் 17.

ஆட்கள் கிளம்பத் தொடங்கினார்கள். கன்னவாரோவும் எமர்சனும் மாட்ரிட்டுக்கு. தூராமும் ஜாம்ப்ரோட்டாவும் பார்சிலோனாவுக்கு. வியெராவும் இப்ராகிமோவிச்சும் பரம எதிரியான இன்டருக்கு. புஃபோன், டெல் பியேரோ, நெட்வெட், ட்ரெசெகே, கமோரனேசி ஆகியோர் நின்றார்கள். உலகின் தலைசிறந்த கோல்காவலர் புஃபோன் இரண்டாம் பிரிவில் நிற்கச் சம்மதித்ததை இன்று நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது.

செப்டம்பர் 9. முதல் ஆட்டம் கடலோர நகரமான ரிமினியில். உலகக்கோப்பை வென்றவர்கள் அந்தச் சின்ன மைதானத்துக்குள் நுழைந்தார்கள். புள்ளிப் பட்டியலில் யுவென்டஸின் எண், கழித்தல் 17. ஒவ்வொரு வெற்றிக்கும் மூன்று புள்ளி. ஆறு வெற்றி பெற்றால்தான் பூஜ்யத்தைத் தாண்ட முடியும். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் மத்தேயோ பாரோ அடித்த பந்து ரிமினியின் வலைக்குள் போனது. 1–0. இன்னும் ஆட்டம் முடியவில்லை.

(தொடரும்)