ஐம்பதும் அறுபதும்: மின் அதிர்வெண் வரலாற்றில் லாமேயின் விளக்கம் குறித்து ஒரு மறுபரிசீலனை

வீட்டு மின்சாரம் சில நாடுகளில் 50 ஹெர்ட்ஸாகவும் சில நாடுகளில் 60 ஹெர்ட்ஸாகவும் நிலைத்ததற்கான காரணத்தைத் தேடுவோர் பெரும்பாலும் பி. ஜி. லாமே 1918இல் எழுதிய கட்டுரையையே சான்றாகக் கொள்கின்றனர். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் அவர். பல முடிவுகள் உருவானதை அருகிலிருந்து பார்த்தவர். எந்திரங்களின் தேவையே அதிர்வெண்ணைத் தீர்மானித்தது என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். நீராவி எஞ்சினோடு ஜெனரேட்டரை நேரே இணைக்க வேண்டுமானால் அதிர்வெண் மிகக் கூடுதலாக இருக்கக் கூடாது. மிகக் குறைந்தாலோ விளக்கு சிமிட்டும், டிரான்ஸ்ஃபார்மர் பருத்துவிடும்.

இவ்வளவும் சரியே. ஆனால் இக்காரணங்கள் ஒரு வரம்பைத்தான் காட்டுகின்றன. அந்த வரம்புக்குள் ஏன் 60 என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

லாமே தரும் எண்களையே அக்காலக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். அன்றைய பொறியாளர்கள் நிமிடத்துக்கு எத்தனை முறை மின்னோட்டம் திசை மாறுகிறது என்று எண்ணினார்கள். துருவங்களின் எண்ணிக்கையை நிமிடச் சுழற்சியால் பெருக்கினால் அது கிடைக்கும். வெஸ்டிங்ஹவுஸின் தொடக்ககால ஜெனரேட்டருக்கு 8 துருவங்கள், நிமிடத்துக்கு 2000 சுழற்சி, பெருக்கினால் 16,000. இன்று நமக்கு விசித்திரமாகத் தெரியும் 133⅓ ஹெர்ட்ஸ் இதுதான். 1890ஐ ஒட்டி அந்நிறுவனம் தேர்ந்த 60 என்பது 7200.

அதிர்வெண் இப்படித் துருவமும் சுழற்சியும் சேர்ந்து அமைந்தது என்பதற்கு நயாகரா நீர்மின் நிலையம் இன்னும் தெளிவான சான்று. அங்கே டர்பைனின் வேகம் 250 சுழற்சி என்று முன்பே முடிவாகிவிட்டது. ஆலோசகர் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் 8 துருவம் கேட்டார், அது 2000. வெஸ்டிங்ஹவுஸ் 16 துருவம் கேட்டது, அது 4000. முடிவில் 12 துருவம், 3000, அதாவது 25 ஹெர்ட்ஸ். இதைப் பதிவு செய்தவர் லாமேதான். இருந்தும், எந்திரத்தின் தேவை என்று அவர் சொல்லும் இடத்தில் நமக்குத் தெரிவது இரு தரப்புப் பேரத்தின் நடுப்புள்ளி.

7200 பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அதுவும் ஏதோ பேரத்தில் பிறந்ததென்று காட்ட நேரடிச் சான்றில்லை. எனினும் 6000, அதாவது 50 ஹெர்ட்ஸ், அதே வேலையைச் செய்திருக்கும் என்பதற்குச் சான்று உண்டு. கலிபோர்னியாவின் மில் கிரீக் நிலையம் 1893இல் 50 ஹெர்ட்ஸில்தான் ஓடத் தொடங்கியது. எந்திரம் அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலெக்ட்ரிக்கினுடையது. ஆகவே 50 ஜெர்மனிக்குரியது, 60 அமெரிக்காவுக்குரியது என்னும் பரவலான பிரிப்பும் தொடக்க ஆண்டுகளுக்குப் பொருந்தாது.

கிழக்கில் 50, மேற்கில் 60 என்று பிளவுபட்ட ஜப்பானின் கதை பலரும் அறிந்தது. டோக்கியோ 1895இல் ஜெர்மன் நிறுவனமான ஏஇஜியின் 50 ஹெர்ட்ஸ் எந்திரங்களை இறக்குமதி செய்தது. ஒசாகா 1897இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் 60 ஹெர்ட்ஸ் எந்திரங்களை வாங்கியது. ஆனால் அந்தக் கொள்முதல் பிளவு பிறந்ததைத்தான் சொல்கிறது, நீடித்ததைச் சொல்வதில்லை. தென் கலிபோர்னியாவும் 50இல் தொடங்கி, 1946–48இல் 60க்கு மாறிவிட்டது. அதற்கு மின் நிறுவனம் வீட்டுக் கடிகாரங்களைக்கூடத் திருத்த வேண்டியிருந்தது. 50க்குச் செய்த மின்கடிகாரம் 60இல் மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடும். ஜப்பானிலேயே இரண்டு அதிர்வெண்ணும் கலந்திருந்த கியூஷு தீவு போருக்குப் பின் 60க்கு ஒன்றானது.

முதன்மைத் தீவான ஹொன்ஷு மட்டும் ஏன் ஒன்றாகவில்லை? மாற்றச் செலவு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. 1965இல் சகுமாவில் 300 மெகாவாட் அதிர்வெண் மாற்றி நிலையம் வந்ததும், பிளவை வைத்துக்கொண்டே இரு பகுதிகளும் மின்சாரம் பரிமாற வழி பிறந்தது. ஒருங்கிணைப்பின் அவசரத்தை அது தணித்திருக்கலாம் என்பது என் ஊகம். 2011 மார்ச் நிலநடுக்கத்தின்போது இத்தகைய நிலையங்களின் மொத்தத் திறன் 1000 மெகாவாட். கிழக்கின் பற்றாக்குறைக்கு அது போதவில்லை. ஒருங்கிணைப்பு கைவிடப்பட்டது சகுமாவுக்கு முன்பா பின்பா என்பது தெளிவானால்தான் இந்த ஊகம் நிற்கும்.