பள்ளிக் குடிநீரும் ரோட்டரிச் சங்கங்களும்

ஒரு நாட்டுச் சேவைச் சங்கத்தார், தம் உறுப்பினரிடம் திரட்டிய பொருளைக் கொண்டு, தாம் கண்ணாலும் கண்டிராத வேறொரு நாட்டுப் பள்ளியின் குழந்தைகளுக்குச் சுத்தமான குடிநீர் கிடைக்கச் செய்யும் தர்மம், கோடையில் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த நம் முன்னோரின் வழக்கத்தோடு உள்ளத்தால் ஒன்றுபட்டதாயினும், நிர்வாக முறையால் பெரிதும் வேறுபட்டது. இத்துறையில் விதிகளை ஒழுங்காக வகுத்துக்கொண்டு செயற்படும் ஸ்தாபனங்களுள் ரோட்டரி விசேஷமாகக் குறிப்பிடத்தக்கது.

1905 பிப்ரவரி 23 அன்று சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தொடங்கிய இச்சங்கம், 1907இல் அந்நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்கும் முயற்சியையே தன் முதற் பொதுச் சேவையாக மேற்கொண்டது. ஆகவே சுகாதாரம் இதற்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த அக்கறையன்று. இந்தியாவில் 1920ஆம் ஆண்டளவில் கல்கத்தாவிலும், 1929இல் சென்னையிலும், அதே ஆண்டில் கடலுக்கப்பால் கொழும்பிலும் சங்கங்கள் ஏற்பட்டன. கொழும்பைச் சேர்ந்த கே. ஆர். ரவீந்திரன் 2015–16இல் உலக ரோட்டரியின் தலைவராக விளங்கினார்.

நாடு கடந்த உதவிக்கு ஆதாரமாய் இருப்பது ரோட்டரி அறநிதி. 1917இல் அப்போதைய ரோட்டரித் தலைவர் ஆர்ச் கிளம்ப் இதற்கு வித்திட்டார்; முதலில் வந்து சேர்ந்த தொகை இருபத்தாறரை டாலர் மட்டுமே. 2013 முதல் உலகெங்கும் நடைமுறைக்கு வந்த உலகளாவிய மானியத் திட்டத்தின்படி, குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ள ஒரு பணிக்கு, அது நடைபெறும் நாட்டுச் சங்கம் ஒன்றும் அயல்நாட்டுச் சங்கம் ஒன்றும் கூட்டாக விண்ணப்பித்தல் வேண்டும். அவ்விரண்டும், அவை சார்ந்த ரோட்டரி மாவட்டங்களும் அளிக்கும் பொருளோடு அறநிதியும் தன் பங்கைச் சேர்க்கும். ஊராரின் தேவையை முன்கூட்டி ஆராய்ந்து எழுதாத விண்ணப்பம் ஏற்கப்படுவதில்லை. பணம் தருபவன் தூரத்தில் இருக்க, பழுதைக் காண்பவன் அருகில் இருக்க வேண்டும் என்ற உண்மையை உணர்ந்து வகுத்த இந்த இருவர் ஏற்பாடே இத்திட்டத்தின் உயிர்நாடி என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். 2009இல் அமெரிக்க அரசின் சர்வதேச அபிவிருத்தி முகமையோடு கைகோத்து கானா, பிலிப்பைன்ஸ், டொமினிக்கன் குடியரசு ஆகிய நாடுகளில் ரோட்டரி குடிநீர்ப் பணிகளைத் தொடங்கியது.

தேவையின் அளவோ மலைக்கச் செய்வது. உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃபும் வெளியிட்ட கணக்கின்படி, 2021இல் 54 கோடியே 60 லட்சம் மாணவர் அடிப்படைக் குடிநீர் வசதியில்லாத பள்ளிகளில் பயின்றனர்.

ஆயினும் எல்லா நீருக்கும் ஒரே மருந்து இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுப்பதால், அங்கே அவ்வுப்பை நீக்கும் சாதனமோ, வேறிடத்து ஆற்று நீரோ இன்றியமையாதது. நீலகிரியின் கிழக்குச் சரிவில், கோத்தகிரியைச் சூழ்ந்த பிரதேசத்திலோ, ஊற்றாய்ச் சுரக்கும் நீரில் உப்பு பொதுவாகக் குறைவு; அஞ்ச வேண்டியது, மழைக்காலத்தில் மேட்டிலுள்ள கழிவுக்குழிகளிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் கசிந்து கலக்கும் நோய்க்கிருமிகளையே. இத்தகைய இடத்தில் உப்பை நீக்கி, ஒரு பகுதி நீரைக் கழிவாய் வெளியேற்றும் ஆர்.ஓ. இயந்திரத்தை நிறுவுவது வீண் விரயம். மணல் வடிகட்டியும், அளவறிந்து இடும் குளோரினும், மாதந்தோறும் தொட்டியைக் கழுவும் ஓர் ஆளும் போதும். நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டு பளபளக்க, வடிகட்டியின் உள்ளுறுப்பை மாற்ற நூறு ரூபாய்க்கு வழியின்றிக் குழாய் வறண்டு கிடக்கும் காட்சி, எந்த நாட்டிலும் இவ்வகைத் தர்மத்துக்கு நேரக்கூடிய பெரிய இழுக்கு.

கோத்தகிரி மற்றொன்றையும் தெளிவாகக் காட்டுகிறது. சோலைக்காடும் அதையடுத்த சதுப்பும் பஞ்சுபோல மழையை உறிஞ்சி வைத்து, வறட்சி மாதங்களில் சிறுகச் சிறுக விடுவதனால்தான் கீழேயுள்ள ஹட்டிகள் என்னும் மலையூர்களின் ஊற்றுகள் வற்றாதிருக்கின்றன; சதுப்பை வடித்துத் தேயிலையோ காய்கறியோ பயிரிட்டுவிட்டால், எத்தனை ஆயிரம் டாலரில் குழாய் பதித்தாலும் அதில் வருவது காற்றே. கோத்தகிரியைத் தலைமையிடமாகக் கொண்டு, 1993இல் தோன்றிய கீஸ்டோன் அறக்கட்டளை பழங்குடி மக்களோடு இணைந்து ஊற்றுகளைப் பாதுகாக்கும் வேலையில் ஈடுபட்டுள்ளது. ஊரை அடுத்து 116 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ள லாங்வுட் சோலை, சுற்றுப்புற ஊர்கள் பலவற்றுக்குக் குடிநீர் வழங்குவது. அதைக் காக்க உள்ளூர் மக்களே ஒரு காவல் குழு அமைத்து உழைத்து வந்துள்ளனர். 2024 ஜனவரியில் அச்சோலை, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குரிய ராம்சர் தலமாக அறிவிக்கப்பெற்றது.

எந்த நாட்டுப் பள்ளிக்குக் குடிநீர் அளிக்க முன்வரும் சங்கமாயினும், குழாயின் விலையோடு அந்த நீர் பிறக்கும் இடத்தைக் காக்கும் செலவையும், பத்து ஆண்டுப் பராமரிப்பையும் விண்ணப்பத்தின் முதல் தாளிலேயே எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.