விருத்தாசலத்து முந்திரி: விதைக்கன்றிலிருந்து ஒட்டுக்கன்றுக்கு

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலாலும் பீங்கான் தொழிலாலும் அறியப்படும் ஊர். முதுகுன்றம் என்பது இதன் பழம்பெயர். ஊரைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டு நிலங்களில் முந்திரி பரவலாகப் பயிராகிறது. இந்திய முந்திரி வேளாண்மையில் விருத்தாசலத்தின் பெயரைத் தாங்கிய இரகங்கள் உண்டு. உழவர்களின் கொல்லைகளில் நின்ற தனி மரங்களிலிருந்து அந்த இரகங்கள் உருவான வரலாறு, விதைக்கன்றிலிருந்து ஒட்டுக்கன்றுக்கு மாறிய வரலாறும் ஆகும்.

வருகை

முந்திரியின் தாயகம் பிரேசிலின் வடகிழக்குப் பகுதி. மாமரம் சேர்ந்த தாவரக் குடும்பத்தையே முந்திரியும் சேர்ந்தது. போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். பிரேசிலின் தூப்பி மொழிச் சொல்லிலிருந்து போர்ச்சுக்கீசியர் ‘காஜு’ என்ற பெயரை அமைத்துக்கொண்டனர். அப்பெயரே இன்றும் இந்தியில் வழங்குகிறது. தமிழில் முந்திரி என்றும், தென்கோடி மாவட்டத்தில் கொல்லாமரம் என்றும் பெயர் பெற்றது. கரையோர மணலிலும் வளம் குறைந்த செம்மண்ணிலும் தண்ணீர் பாய்ச்சாமலே நிலைத்ததால், வேறு பயிர் வராத மேட்டு நிலங்களுக்கு உரிய மரமாக இது பரவியது.

பழமும் கொட்டையும்

முந்திரியில் பழம் என்று சொல்லப்படுவது தாவரவியல்படி பழம் அன்று. பூக்காம்பு பருத்துச் சதைப்பற்றாகி, பேரிக்காய் வடிவில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ தொங்குகிறது. அதன் நுனியில் வெளியே ஒட்டியிருக்கும் கொட்டையே உண்மையான கனி. கேட்காமலே முந்திப் பேசுபவரை ‘முந்திரிக்கொட்டை’ என்று சொல்லும் வழக்கு இந்த அமைப்பிலிருந்து வந்தது. பழத்தில் வைட்டமின் சி மிகுதி. ஆயினும் துவர்ப்பு தொண்டையைக் கரகரக்கச் செய்வதாலும், பறித்த ஓரிரு நாளில் அழுகுவதாலும் பெரும்பகுதி மரத்தடியிலேயே வீணாகிறது. கோவாவில் இதிலிருந்து ஃபெனி என்னும் மது வடிக்கப்படுகிறது.

கொட்டையின் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் உள்ளது. இதனால் ஓட்டை உடைத்துப் பருப்பெடுப்பது தனித்தொழிலாக வளர்ந்தது. பண்ணுருட்டியும் அதனருகிலுள்ள காடாம்புலியூரும் இத்தொழிலின் மையங்கள். உடைத்தல், தோல் நீக்குதல், தரம் பிரித்தல் ஆகிய வேலைகளில் பெரும்பாலும் பெண்களே ஈடுபடுகின்றனர்.

விதைமரத்தின் சிக்கல்

நெடுங்காலமாக முந்திரி கொட்டை ஊன்றியே வளர்க்கப்பட்டது. நன்கு காய்க்கும் மரத்தின் கொட்டையை ஊன்றினாலும் அதே மரம் கிடைப்பதில்லை. பூக்களில் அயல் மகரந்தச் சேர்க்கை நடப்பதால் ஒவ்வொரு கன்றும் புதிய கலப்பாக அமைகிறது. ஒரே தோப்பில் ஒரு மரம் கொத்துக்கொத்தாகக் காய்க்க, அடுத்த மரம் இலை மட்டுமே காட்டும். எது எப்படிப்பட்ட மரம் என்பது சில ஆண்டுகள் கழித்தே தெரியும்.

இந்தச் சிக்கல் முந்திரிக்கு மட்டும் உரியதன்று. குளிர்நாடுகளின் பேரி மரமும் விதையிலிருந்து தாயைப் போல் வருவதில்லை. அதனால் ஐரோப்பியத் தோட்டக்காரர் பண்டைக் காலம் முதல் பேரியை ஒட்டுக்கட்டியே பெருக்கினர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நல்ல பேரி இரகங்கள் நாட்டுப் பேரி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டப்படுகின்றன. குளிர்காலக் குளிர் தேவைப்படும் பேரி விருத்தாசலத்துச் சமவெளியில் காய்க்காது. ஆனால் அதற்குக் கண்ட தீர்வு முந்திரிக்கும் பொருந்தியது. மிகத் தாமதமாகவே வந்தது.

தாய்மரத் தேடல்

முந்திரிக்கும் நறுமணப் பயிர்களுக்குமான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம் 1971இல் தொடங்கியது. அதே ஆண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உருவானது. பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் இத்திட்டத்தின் மையங்களுள் ஒன்று. நன்கு காய்க்கும் மரங்களை ஊர் ஊராக அடையாளம் கண்டு, அவற்றின் வழிவந்த மரங்களை நிலையத்தில் வளர்த்து, விளைச்சலைப் பல ஆண்டுகள் அளந்து சிறந்தவற்றைத் தேர்ந்தெடுப்பதே முறையாக இருந்தது.

இவ்வாறு 1981இல் வி.ஆர்.ஐ. 1 வெளியிடப்பட்டது. இது பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வழிசோதனைப்பாளையத்திலிருந்து பெறப்பட்டது. காட்டுப்பள்ளி மரத்தின் வழிவந்த வி.ஆர்.ஐ. 2 1985இலும், இடையஞ்சாவடி மரத்தின் வழிவந்த வி.ஆர்.ஐ. 3 1991இலும் வெளிவந்தன. வி.ஆர்.ஐ. 2 இரகக் கொட்டையின் எடை சுமார் 5 கிராம், வி.ஆர்.ஐ. 3 இரகத்தில் சுமார் 7 கிராம். சந்தையில் இந்த வேறுபாடு முக்கியமானது. ஒரு பவுண்டு எடையில் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதை வைத்தே ஏற்றுமதித் தரம் குறிக்கப்படுகிறது. 320 என்ற தரத்தைவிட 210 என்ற தரத்தில் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். வி.ஆர்.ஐ. 3 பிற மாநிலங்களிலும் பயிரிடப்படும் இரகமாயிற்று.

ஒட்டுக்கட்டுதல்

தாய்மரம் கிடைத்தபின் அதை அப்படியே பெருக்கும் வழி தேவைப்பட்டது. முதலில் விண்பதியன் முறை பின்பற்றப்பட்டது. கிளையிலேயே வேர்பிடிக்கச் செய்து வெட்டி நட்ட அந்தக் கன்றுகளுக்கு ஆணிவேர் இல்லை. பலத்த காற்றில் சாய்ந்தன. 1980களில் இளந்தண்டு ஒட்டுமுறை செம்மைப்பட்டுப் பரவியது.

இம்முறையில் பாலித்தீன் பையில் ஊன்றிய கொட்டையிலிருந்து வளர்ந்த, ஏறத்தாழ இரண்டு மாத வயதுள்ள கன்று வேர்ச்செடியாகிறது. தாய்மரத்தில் ஒட்டுக்குச்சிக்கான கிளை நுனியின் இலைகளை ஒரு வாரத்துக்கு முன்பே காம்பு மட்டும் நிற்க வெட்டிவிடுகின்றனர். இதனால் நுனி மொட்டு பருக்கிறது. வேர்ச்செடியின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய குச்சியைச் செருகிப் பாலித்தீன் நாடாவால் கட்டுகின்றனர். குச்சி காயாதிருக்கச் சில வாரங்கள் சிறு பாலித்தீன் உறையால் மூடுகின்றனர். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை நட்ட பிறகும் தொடர்ந்து நீக்க வேண்டும். விட்டால் வேர்ச்செடியே மரமாகி ஒட்டு வீணாகும். ஒட்டு மரம் தாயின் குணத்தையும் விதைக்கன்றின் ஆணிவேரையும் ஒருங்கே பெறுகிறது. மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்குகிறது. 7 மீட்டர் இடைவெளியில் எக்டேருக்குச் சுமார் 200 கன்றுகள் நடப்படுகின்றன.

தானே புயல்

2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. கடலூர் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் பேரழிவுக்கு உள்ளாயின. முந்திரி பூக்கும் பருவம் அது. அவ்வாண்டு விளைச்சல் மட்டுமன்றி, தலைமுறைகளாக நின்ற மரங்களும் வேரோடு சாய்ந்தன. நெல்வயல் அடுத்த பட்டத்தில் மீண்டுவிடும். மரப்பயிரில் உழவரும், தோப்புக் கூலி வேலையையும் கொட்டை உடைப்பையும் நம்பிய குடும்பங்களும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மறுநடவுக்கு அரசு உதவி அறிவித்தது. விரைவில் காய்க்கும் ஒட்டுக்கன்று அந்தக் காத்திருப்பைக் குறைத்தது.

அதே வேளையில் வேறொரு இழப்பும் நேர்ந்தது. விழுந்த விதைமரங்கள் ஒவ்வொன்றும் தனிக் கலப்பாக இருந்தன. அத்தகைய மரங்களின் கூட்டத்திலிருந்துதான் வழிசோதனைப்பாளையத்து மரமும் இடையஞ்சாவடி மரமும் கண்டெடுக்கப்பட்டன. ஒட்டுக்கன்றுகளால் நிரம்பிய தோப்பு சீராகக் காய்க்கும். ஆனால் அது தன்னிடம் இல்லாத ஒரு குணத்தைத் தராது. தேயிலைக் கொசு, தண்டுத் துளைப்பான் போன்ற பூச்சிகளைத் தாங்கும் மரமோ வறட்சியைத் தாங்கும் மரமோ நாளை தேவைப்பட்டால், பலவகை மரங்கள் எங்கேனும் நிற்க வேண்டும். அதனால் ஆராய்ச்சி நிலையங்கள் பராமரிக்கும் மரத்தொகுப்புகளும், கொல்லை ஓரங்களில் எஞ்சியுள்ள பழைய விதைமரங்களும் முன்னைவிட மதிப்புப் பெறுகின்றன.

பண்பாட்டில்

விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள மணக்கொல்லையைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரனின் படைப்புகளில் முந்திரிக்காட்டு மக்களின் வாழ்வும் வேலையும் இடம்பெறுகின்றன. இப்பகுதியின் வழக்குச் சொற்களை அவர் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ என்ற நூலாகவும் தொகுத்துள்ளார்.