பன்னாட்டு உறவுகளின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

பன்னாட்டு உறவுகளை முதுகலைப் பாடமாகத் தேர்ந்தெடுக்கும் மாணவர், தொடக்க வாரங்களிலேயே இரண்டு ஆண்டுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். ஒன்று 1919. முதல் உலகப்போரின் பேரழிவுக்குப் பின், போர் ஏன் மூள்கிறது, அதனைத் தடுப்பது எவ்வாறு என்று ஆராய்வதற்காக வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித் கல்லூரியில் இத்துறைக்கென முதல் பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்ட ஆண்டு அது. மற்றொன்று 1947. இந்தியா தனக்கென ஒரு வெளியுறவுக் கொள்கையை வகுக்கத் தொடங்கிய ஆண்டாக அது கற்பிக்கப்படுகிறது. இவ்விரு தொடக்கங்களும் எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை மறைக்கின்றன என்னும் கேள்வி வகுப்பறையில் அரிதாகவே எழுகிறது. ஆய்வுத் தலைப்பைத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்களை முன்னிறுத்தி அக்கேள்வியை இங்கே எழுப்ப விரும்புகிறேன்.

முதலில் 1919. டேவிட் டேவிஸும் அவருடைய சகோதரிகள் இருவரும் போரில் மாண்ட கல்லூரி மாணவர்களின் நினைவாக அளித்த 20,000 பவுன் நன்கொடையில் அந்த இருக்கை அமைந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. முதல் பேராசிரியராக ஆல்ஃபிரட் சிம்மர்ன் பொறுப்பேற்றார். அமைதியை நாடிய நல்லெண்ணத்தில் இத்துறை பிறந்தது என்னும் கதை இங்கிருந்துதான் வருகிறது. அக்கதை பொய்யன்று, முழுமையானதுமன்று.

அதே ஆண்டு ஏப்ரல் 11 அன்று பாரிஸ் அமைதி மாநாட்டில், பன்னாட்டுச் சங்கத்தின் விதிகளை வகுத்த ஆணையத்தின் முன் ஜப்பான் ஒரு கோரிக்கையை வைத்தது. நாடுகளுக்கிடையே சமத்துவம் என்னும் கோட்பாட்டையும் அந்நாடுகளின் மக்கள் நேர்மையாக நடத்தப்பட வேண்டும் என்பதையும் முகவுரையில் சேர்க்க வேண்டும் என்பதே அது. இனச் சமத்துவக் கோரிக்கை என்று வரலாற்றில் அறியப்படுவதும் அதுவே. பதினேழு வாக்குகளில் பதினொன்று அதற்கு ஆதரவாக விழுந்தன. ஆயினும், ஒருமித்த ஒப்புதல் இல்லை என்று கூறி, தலைமை வகித்த வில்சன் அது நிறைவேறவில்லை என அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 13 அன்று, அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. ஜூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் மாண்டேகுவும் பிகானேர் மன்னர் கங்கா சிங்கும் கையெழுத்திட்டனர். தன்னாட்சி இல்லாத ஒரு நாடு பன்னாட்டுச் சங்கத்தின் நிறுவன உறுப்பினராயிற்று.

ஒரே ஆண்டின் இந்நிகழ்வுகளைச் சேர்த்து வாசித்தால், அன்றைய ‘பன்னாட்டு’ ஒழுங்கின் மையத்தில் போரும் அமைதியும் மட்டும் இல்லை என்பது விளங்கும். பேரரசுகளுக்குள் யார் யாருக்குச் சமம் என்பதும் அங்கே ஒரு சிக்கலாக நின்றது. அறிவுலகிலும் அவ்வாண்டில் ஒலித்தவை மேற்கின் குரல்கள் மட்டுமல்ல. வங்க அறிஞர் பினய் குமார் சர்க்கார், பன்னாட்டு உறவுகள் பற்றிய இந்துக் கோட்பாட்டை விளக்கும் கட்டுரையை அமெரிக்காவின் முதன்மையான அரசியல் அறிவியல் இதழில் வெளியிட்டதும் 1919-இல்தான். அபரிஸ்ட்வித்தைச் சொல்லும் பாடத்திட்டம் சர்க்காரைச் சொல்வதில்லை.

சமத்துவம் பற்றிய அச்சிக்கல் இந்தியர்களுக்குக் கோட்பாட்டளவில் வந்ததன்று. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளுடன் டர்பன் சென்றடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அவர்களும் அவர்களைத் தொடர்ந்து சென்ற வணிகர்களும் அங்கே குடிமக்களா, அயலாரா என்பதே சிக்கலின் கரு. காந்தியின் போராட்டமும் தில்லையாடி வள்ளியம்மையின் மரணமும் தமிழ் வாசகர் அறிந்தவை. 1914-இல் காந்தியோடு உடன்பாடு கண்ட அமைச்சர் யான் ஸ்மட்ஸ் அதன்பின் எங்கெல்லாம் தோன்றுகிறார் என்பது அவ்வளவாக அறியப்படாதது.

1918 இறுதியில் பன்னாட்டுச் சங்கத்துக்கான செல்வாக்குமிக்க திட்ட வரைவொன்றை எழுதியவர் ஸ்மட்ஸ். 1921-இல் லண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில், குடியேற்ற நாடுகளில் சட்டப்படி வாழும் இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்பட வேண்டும் என்று வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி வாதாடினார். மற்ற நாடுகள் இணங்கிய தீர்மானத்தை ஏற்க மறுத்தவர் ஸ்மட்ஸ். 1923-இல் அதே மாநாட்டில் தேஜ் பகதூர் சப்ரு அவ்வாதத்தைத் தொடர்ந்தார். எதிரே மீண்டும் ஸ்மட்ஸ். 1927-இல் சாஸ்திரி தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராகப் பொறுப்பேற்றார். விடுதலைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு அயலகத்தில் ஒரு பிரதிநிதி இருந்தார் என்பதை வெளியுறவுக் கொள்கைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, அல்லது சொல்வதேயில்லை.

1946-இல் ஆசியர்களின் நில உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா இயற்றியபோது, இந்தியா அதனை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுசென்றது. இது உள்நாட்டு அதிகார வரம்புக்குட்பட்ட செய்தி, ஐ.நா. தலையிட இயலாது என்று வாதாடியவர் பிரதமர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசன முகவுரையின் உருவாக்கத்தில் பங்குகொண்டவரும் அவரே. இந்தியத் தரப்புக்கு விஜயலட்சுமி பண்டிட் தலைமை தாங்கினார். 1946 டிசம்பர் 8 அன்று பொதுச்சபை 32 வாக்குகளுக்கு 15 என்னும் கணக்கில், மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு இந்தியாவின் பக்கம் நின்றது; ஏழு நாடுகள் நடுநிலை வகித்தன. ஓர் அரசு தன் எல்லைக்குள் வாழும் மக்களை இனத்தின் பெயரால் ஒடுக்குவது உலகின் கவலைக்குரியது என்னும் வாதம் அங்கே வலுப்பெற்றது. அன்று இந்தியா இன்னும் விடுதலை அடையவில்லை. 1947-இல் தொடங்கும் பாடத்திட்டத்தில் இவ்வெற்றி முன்கதையற்ற ஓர் அதிசயமாக நிற்கும். 1860-இலிருந்து பார்ப்பவருக்கு அது நீண்டதொரு வழக்கின் தீர்ப்புகளில் ஒன்று.

இந்தியாவில் இத்துறை உருவான இடத்திலும் இவ்வழக்கின் தடம் உண்டு. பிரிட்டிஷ் சார்புடையதாகக் கருதப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு மாற்றாக 1943-இல் உலக விவகாரங்களுக்கான இந்தியக் குழு தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் சப்ரு. 1923-இல் ஸ்மட்ஸோடு வாதாடிய அதே சப்ரு. அவருக்குப் பின் நீண்டகாலம் தலைவராயிருந்த ஹிருதயநாத் குன்ஸ்ரு, சாஸ்திரியைப் போலவே கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்தவர். 1955-இல் டெல்லி சப்ரு ஹவுஸில் இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தோன்றியது. 1970-இல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதன் முதல் இயக்குநர் அ. அப்பாதுரை, 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, இடைக்காலத் தென்னிந்தியப் பொருளியல் வரலாறு பற்றிய விரிவான நூலின் ஆசிரியர். வரலாற்றாசிரியர் ஒருவரின் தலைமையில் தொடங்கிய துறை வரலாற்றிலிருந்து விலகியதுதான் வியப்பு. வரலாற்றுத் துறைகள் பெரும்பாலும் 1947-இல் பாடத்தை முடிக்கின்றன. பன்னாட்டு உறவுத் துறைகள் அங்கே தொடங்குகின்றன. இரண்டுக்கும் இடையில் சாஸ்திரியும் சப்ருவும் எவருடைய பாடத்திலும் சேராமல் நிற்கின்றனர்.

ஒரு துறை எங்கே பிறந்தது என்பதால் அதன் கோட்பாடுகள் சரியா தவறா என்று முடிவாகிவிடுமா என்று சிலர் கேட்கலாம். முடிவாகாது. மார்கெந்தாவை வாசிக்காமல் எவரும் இத்துறையில் தேர்ச்சி பெற இயலாது. அவ்வாறு பரிந்துரைப்பதும் என் நோக்கமன்று. ஆனால் பிறப்புக் கதை, எது மையக் கேள்வி, எது ஓரச் செய்தி என்பதை வரிசைப்படுத்துகிறது. போர், அதிகாரச் சமநிலை, அணு ஆயுதம் ஆகியவை கோட்பாட்டுத் தாளில் இடம்பெறுகின்றன. குடிபெயர்வும் இனமும் விருப்பப் பாடத்தில் ஒதுங்குகின்றன. மேற்கிலிருந்து வருவது கோட்பாடு, இங்கிருந்து கிடைப்பது அக்கோட்பாட்டுக்கான எடுத்துக்காட்டு என்னும் பழக்கமும் இவ்வரிசையிலிருந்தே வளர்ந்தது. நம் முனைவர்பட்ட ஏடுகள் பலவற்றில் முதல் இயல் ஒரு நாட்டிலும் மற்ற இயல்கள் வேறு நாட்டிலும் நிகழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் விளைவு ஆவணக்காப்பகத்தில் நடைமுறைச் சிக்கலாகவே வெளிப்படும். தென்னாப்பிரிக்க இந்தியர் பற்றிய பழைய கோப்புகளை ‘வெளியுறவு’ என்னும் தலைப்பின்கீழ் மட்டும் தேடும் மாணவர் ஏமாற்றமடைவார். அவற்றில் பல கல்வி, சுகாதாரம், நிலங்கள் என்னும் துறையின் பதிவுகளில் உள்ளன. 1941-இல் அயலக இந்தியர் துறை தனியே அமைந்தது. 1944-இல் அது காமன்வெல்த் உறவுகள் துறை எனப் பெயர் மாறியது. 1947-இல்தான் வெளியுறவு அமைச்சகத்தோடு கலந்தது. கூலிகளின் குடிபெயர்வைக் கவனித்த எழுத்தர்களின் மேசையும் இந்திய வெளியுறவின் தொடக்கங்களில் ஒன்று என்பதை இக்கோப்புகளே சொல்கின்றன. அதற்கும் முந்தைய கப்பல் பயணங்களின் தடத்தைத் தேடுவோர் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தின் குடிபெயர்வுப் பதிவுகளிலிருந்து தொடங்கலாம். 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டமும் அதன் விதிகளும், இருபத்தைந்து ஆண்டு கடந்த நிரந்தர மதிப்புடைய பதிவுகள் ஆவணக்காப்பகத்தைச் சேர வேண்டும் என்கின்றன. நடைமுறை மந்தமாயினும், கேட்பவர் பெருகினால்தான் கோப்புகள் நகரும்.

ஆகவே, இவ்வாண்டு ஆய்வுத் திட்டம் எழுதவிருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1947-ஐ உங்கள் தலைப்பின் தொடக்க ஆண்டாக எழுதுமுன், உங்கள் கேள்வி உண்மையில் அவ்வாண்டில்தான் பிறந்ததா என்று ஒருமுறை சரிபாருங்கள். பாஸ்போர்ட், எல்லை, நதிநீர், கடல்வழி, அகதிகள் என எதை எடுத்துக்கொண்டாலும், கோப்புகளின் முதல் பக்கம் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஆண்டொன்றைத்தான் காட்டும். உங்கள் துறைகளில் இவ்விடைவெளியை நிரப்பும் தாள்கள் நடத்தப்படுகின்றனவா, எவ்வாறு நடத்தப்படுகின்றன என்பதைப் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் இங்கே பகிர்ந்தால் பலருக்கும் பயன்படும்.