துருவின் விலையும் உழைப்பின் மறைவும்: புனரமைக்கப்படாத பழங்கார்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

விலை என்பது பொருளியலாளர் மாத்திரமே ஆராய்வதற்குரியது எனக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயின் ஒரு பண்டத்துக்கு விற்பவன் கேட்கும் விலையிலே அவனது வர்க்க நிலையும், அவன் வாழும் காலத்தின் நம்பிக்கைகளும், அக்காலம் உழைப்பை எவ்வாறு மதிக்கின்றது என்பதும் ஒருங்கே பதிவாகின்றன. அவ்வகையில் அது சமூக வரலாற்று மாணவனுக்கும் இலக்கிய மாணவனுக்கும் உரிய சான்றாகும். பிரித்தானியாவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகக் காணப்படும் ஒரு தோற்றப்பாட்டை இந்நோக்கில் ஆராய முனைகின்றது இக்கட்டுரை. ஓடாத, துருவேறிய, பல்லாண்டுகள் கொட்டிலிற் கிடந்த பழைய மோட்டார்க் கார்களுக்கு, அவற்றைப் புனரமைத்து முடித்தபின் கிடைக்கக்கூடிய தொகையை நெருங்கும் விலையினை உரிமையாளர் கேட்பதே அத்தோற்றப்பாடு.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் பழமொழி. இறந்த யானைக்குத் தந்தம் உண்டு. ஆதலின் பழமொழியின் கணக்கு நியாயமானது. துருவேறிய காரின் தந்தம் யாது என்பதே இங்கு எழும் வினா.

2. கோட்பாட்டு அடிப்படை

உழைப்பே பெறுமதியின் ஊற்று என நிறுவ முயன்ற டேவிட் றிக்காடோ, 1817இல் வெளிவந்த தமது நூலின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு விதிவிலக்கையும் வகுத்தார். அரிய சிலைகள், ஓவியங்கள், கிடைத்தற்கரிய நூல்கள், நாணயங்கள் ஆகியன எவ்வளவு உழைப்பைச் செலுத்தினும் மேலும் உண்டாக்க முடியாதன. எனவே அவற்றின் விலை, வாங்க விழைவோரின் செல்வத்தையும் விருப்பையும் பொறுத்தே அமையும் என்பது அவர் கருத்து. மார்க்ஸ் இதனை மேலும் கொண்டு சென்றார். பெறுமதி இல்லாத ஒன்றுக்கும் விலை இருத்தல் கூடும் என்பதை மூலதனத்தின் முதலாம் தொகுதியில் அவர் எடுத்துக்காட்டினார். உழைப்பால் மீள உற்பத்தி செய்யவியலாத தொல்பொருள்களதும் சில கலைமேதைகளின் ஆக்கங்களதும் விலை, தற்செயலான பல காரணிகளின் சேர்க்கையால் தீர்மானிக்கப்படலாம் என்பது 1894இல் ஏங்கெல்ஸ் பதிப்பித்த மூன்றாம் தொகுதியில் வருவது.

பழங்கார் இவ்விரு வகைகளுள் எதனைச் சார்ந்தது? ஒரு சில கார்கள் விதிவிலக்கான வகையைச் சார்ந்தன. மிகப் பெரும்பான்மையானவை தொழிற்சாலைகளில் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட சாதாரண பண்டங்கள். முதல் வகைக்குரிய விலைத் தருக்கத்தை இரண்டாம் வகைக்கு உரியோர் தமதாக்கிக் கொண்டமையே நாம் ஆராயும் மிகைவிலையின் மூலகாரணம். இது நிகழ்ந்தவாற்றை வரலாற்று முறையில் நோக்குதல் வேண்டும்.

3. கழிபொருளிலிருந்து சேகரிப்புப் பொருளுக்கு

பழைய கார் நெடுங்காலம் கழிபொருளாகவே கருதப்பட்டது. 1896இல் பிரித்தானியாவில் வீதி வேகக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதைக் கொண்டாட நிகழ்ந்த லண்டன்-பிறைற்றன் பயணம், 1927இல் நினைவுப் பயணமாக மீட்டெடுக்கப்பட்டபோது அதில் ஓடிய பழைய வண்டிகள் வேடிக்கைப் பொருள்களாகவே நோக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது பழைய கார்கள் பல பழைய இரும்பாகிப் போர்த்தளபாட உற்பத்திக்குச் சென்றன.

1964இல் நிகழ்ந்த ஒரு கொள்வனவு இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலிருந்து 30 புகாட்டிக் கார்கள் 85,000 டொலருக்கு விற்கப்பட்டன. ஒரு கார் 3,000 டொலருக்கும் குறைவாகவே விழுந்தது. உலகில் மிகச் சிலவே செய்யப்பட்ட றோயல் வகைக் காரொன்றும் அவற்றுள் அடங்கும். வாங்கியவர்கள் பிரான்சின் அல்சாஸ் பிரதேசத்தில் ஆலைகள் நடத்திய ஷ்லும்ப் சகோதரர்.

அச்சகோதரரின் சேகரிப்பின் கதை, பழங்காரின் அரசியற் பொருளியலைச் சுருங்கக் காட்டும் கண்ணாடியாகும். முலூஸ் நகரின் கம்பளி நூற்பாலைக் கட்டடமொன்றிலே தச்சர், தோல்வேலையாளர், பொறிவினைஞர் பலர் அமர்த்தப்பட்டு, வெளியார் அறியாவண்ணம் கார்கள் புனரமைக்கப்பட்டன. 1970களின் நடுப்பகுதியில் நெசவுத் தொழில் நெருக்கடிக்குள்ளாகி ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் தொடர்ந்தபோது, உரிமையாளர் சுவிற்சர்லாந்துக்குச் சென்றனர். 1977 மார்ச் 7ஆம் திகதி தொழிலாளர் உள்ளே புகுந்து கட்டடத்தைக் கைப்பற்றினர். வேலையிழப்பை எதிர்நோக்கிய அவர்களின் கண்முன் நானூறுக்கு மேற்பட்ட கார்கள் வரிசையாக நின்றன. புனரமைக்கப்படாத ஒஸ்ரின் 7 ஒன்றை அவர்கள் சினத்தினால் எரித்தனர். ஆயின் மற்றையவற்றை அழிக்கவில்லை. இரண்டாண்டுகள் அவ்விடத்தைத் தாமே காத்துப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தனர். 1978இல் பிரெஞ்சு அரசு அச்சேகரிப்பை வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்தது. 1982இல் அது அருங்காட்சியகமாயிற்று.

இவ்வரலாற்றிலே புனரமைப்பு என்பது யாருடைய உழைப்பு என்ற வினாவுக்குத் தெளிவான விடை இருந்தது. ஆலையின் உபரி எங்கே போயிற்று என்பதைத் தொழிலாளர் தம் கண்ணாற் கண்டனர். அதன் பின்னைய கட்டத்திலோ உழைப்பு விலையினுள் மறைந்துவிடுகின்றது.

4. சேகரிப்புப் பொருளிலிருந்து நிதிச்சொத்துக்கு

1980களின் பிற்பகுதியில் கடனும் பங்குச்சந்தையும் பெருகிய சூழலில், பழங்கார்கள் ஊகவாணிபத்தின் பொருளாயின. 1988இல் என்சோ பெராரி காலமானதை அடுத்து அவர் பெயர் தாங்கிய கார்களின் விலை வேகமாக ஏறியது. 1990ஐ ஒட்டி அக்குமிழி உடைந்தது. குமிழி உடைந்தாலும் அது விதைத்த எண்ணம் அழியவில்லை: கார் ஓடுவதற்குரியது என்பதைவிட வைத்திருப்பதற்குரியது என்பதே அவ்வெண்ணம். சட்டமும் இதற்குத் துணைநின்றது. பிரித்தானிய வரிச்சட்டத்தில் பயணிகள் கார், காலத்தால் தேயும் சொத்தாகக் கருதப்பட்டு மூலதன ஆதாய வரியினின்றும் விலக்களிக்கப்பட்டுள்ளது. தேயும் என்று சட்டம் சொல்லும் பொருளையே ஏறும் என்று நம்பிச் செல்வர் வாங்குவது, முதலாளித்துவச் சட்டத்துக்கும் நடைமுறைக்குமிடையிலான முரண்பாடுகளுள் ஒன்று.

2008இன் நிதி நெருக்கடிக்குப் பின்னர் இப்போக்கு உச்சமடைந்தது. 2009 மார்ச்சில் இங்கிலாந்து வங்கி தன் வட்டி வீதத்தை 0.5 சதவீதத்துக்குக் குறைத்தது. சேமிப்புக்கு வருவாயில்லாத நிலையில் மூலதனம் பொருள்களைத் தேடியது. இங்கிலாந்தின் ஒரு பூட்டிய கராஜிற் பல்லாண்டுகள் கிடந்த 1937ஆம் ஆண்டுப் புகாட்டியொன்று, அவ்வாண்டு பெப்ரவரியிற் பாரிசில் 34 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிருந்தது. மேற்குப் பிரான்சில் பையோன் என்னும் போக்குவரத்துத் தொழிலதிபர் சேர்த்து, தொழில் நொடித்தபின் குடும்பத்தாரிடம் எஞ்சிக் கிடந்த 59 கார்கள் 2015 பெப்ரவரி 6ஆம் திகதி பாரிசில் ஏலம் விடப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ 250 இலட்சம் யூரோ கிடைத்தது. அதில் 163 இலட்சம், ஒரேயொரு பெராரி கலிபோர்ணியாக் காருக்கு உரியது. 2023 ஓகஸ்ட் மாதத்திற் கலிபோர்ணியாவில், தீயில் எரிந்து உருக்குலைந்த 1954ஆம் ஆண்டுப் பெராரியொன்று 18 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று.

இவை விற்ற விலைகள், பொய்யானவை அல்ல. பெராரி கலிபோர்ணியாவின் அக்குறுகிய வகையிற் செய்யப்பட்டவை 56 மாத்திரமே. றிக்காடோவின் விதிவிலக்கு இங்கு முற்றாகப் பொருந்தும். செய்திகளிலும் தொலைக்காட்சியிலும் இவ்வேலங்கள் பரவியபோது, 56இல் ஒன்று என்ற நிபந்தனை உதிர்ந்துபோயிற்று; கொட்டில், தூசு, துரு ஆகியனவே எஞ்சின. 'பார்ண் பைண்ட்' என ஆங்கிலத்தில் வழங்கும் சொற்றொடர் ஒரு வணிகச் சின்னமாயிற்று. அரிய காருக்குக் கிடைத்த விலையைத் தூசுக்குக் கிடைத்த விலையாகக் கண்டமை, மார்க்ஸ் விளக்கிய பண்ட வழிபாட்டின் ஒரு வடிவமேயாகும்.

5. சாதாரண காரும் விளம்பரத்தின் மொழியும்

சாதாரண காரின் நிலையை எம்.ஜி.பி. காட்டும். 1962 தொடக்கம் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 5 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது இக்கார். தனிச் சட்டகமின்றி உடற்தகடுகளே பாரத்தைத் தாங்கும் அமைப்புடையதாதலின், குளிர்காலத்தில் வீதிக்கிடும் உப்பினால் அடித்தகடுகள் அரிக்கப்பட்டால் காரின் முதுகெலும்பே முறிந்ததாகும். 1988இலிருந்து அதன் முழு உடற்கூடும் பழைய அச்சுக் கருவிகளைக் கொண்டே புதிதாகச் செய்து விற்கப்படுகின்றது. ஆகவே இப்பண்டம் உழைப்பால் மீள உற்பத்தி செய்யக்கூடியது. றிக்காடோவின் விதிவிலக்கினுள் அடங்காதது.

எடுத்துக்காட்டாகப் புனரமைத்த கார் 100 பங்கு விலைபோகும் எனக் கொள்வோம். தகடு வெட்டி ஒட்டுதல், இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுதல், வர்ணம் பூசுதல், இருக்கை தைத்தல் ஆகியவற்றுக்கான உழைப்பும் உதிரிப்பாகங்களும் 120 பங்கு எனின், துருவேறிய உடலின் விலை சுழியத்துக்கும் கீழானது. சாதாரண கார்களிற் புனரமைப்புச் செலவு முடிவு விலையை விஞ்சுவது வழமை; முழுமையான புனரமைப்பு ஆயிரம் மணித்தியாலங்களைத் தாண்டுவதும் வழமை. ஆயினும் உரிமையாளர் 50 அல்லது 60 பங்கு கேட்கின்றார். அவர் கணக்கில் விடுபட்டது எது? தகரவேலையாளனின் கூலி. இன்னும் செய்யப்படாத உழைப்பைக் கூலியின்றிச் செய்யப்பட்டதாகப் பாவித்து, அதன் பயனைத் தனதாக்கிக் கொள்வதே இவ்விலையின் உள்ளடக்கம்.

இம்மறைப்பை நிகழ்த்தும் கருவி மொழி. இவ்விளம்பரங்களைத் தனியோர் இலக்கிய வகையாகவே வாசிக்கலாம். நிறுத்தியபோது ஓடியது என்பது ஒரு மரபுத் தொடர். இறந்தவர் இறக்குமுன் நலமாயிருந்தார் என்பதற்கு மேலாக அது எதனையும் கூறவில்லை. இலகுவாகப் புனரமைக்கலாம் என்பது பிறிதொன்று. இலகுவாயின் விற்பவரே ஏன் செய்யவில்லை என்ற வினாவை அது அடக்கிவிடுகின்றது. ஏறத்தாழ முழுமையானது என்பதில், கிடைத்தற்கரிய பாகமே பெரும்பாலும் அந்த ஏறத்தாழவினுள் ஒளிந்திருக்கும். என்னிடமுள்ளது யாதென்பதை நானறிவேன், குறைத்துக் கேட்போர் வரவேண்டாம் என்ற இறுதி அடியிலே தனியுடைமையின் குரல் வெளிப்படையாகவே ஒலிக்கின்றது. இவ்வகைத் தொடர்களில் எழுவாயாக வரும் தொழிலாளி எவரும் இலர். கார் தானே நின்றது, தானே ஓடியது, தானே புனரமையும்.

கேட்கும் விலையும் விற்ற விலையும் வேறு என்பதையும் இங்கு வற்புறுத்தல் வேண்டும். ஏலத்தில் விற்றவை அச்சேறும். விலைபோகாமற் கிடப்பவை பதிவாவதில்லை. அயலாரின் கேட்கும் விலையைக் கண்டு இன்னொருவர் தம் விலையை நிர்ணயிக்க, கேள்வி கேள்வியையே ஈன்று வளர்கின்றது. இதற்கிடையில் ஈரம் தன் வேலையை நிறுத்துவதில்லை. விலை உயர உயரக் கார் விற்கப்படாது கிடக்கின்றது. கிடக்கக் கிடக்கப் பொருள் அழிகின்றது. மாற்றுப்பெறுமதி பற்றிய கனவு பயன்பெறுமதியை உண்பதற்கு இதனினும் கண்கூடான எடுத்துக்காட்டு அரிது.

ஆயினும் இவ்வுரிமையாளர் யாவரும் பேராசைக்காரர் எனக் கொள்ளல் பிழையாகும். அவர்களுட் பலர் ஓய்வு பெற்ற தொழிலாளரும் சிறுவுடைமையாளருமாவர். சேமிப்பின் பெறுமதி குன்றிய காலத்தில், கொட்டிலிற் கிடக்கும் காரே தம் முதுமைக்கான காப்பு என நம்பும்படி அவர்கள் பழக்கப்பட்டுள்ளனர். பெருமூலதனத்தின் ஏலமண்டபம் அவர்களுக்கு நம்பிக்கையை விற்றது, வாங்குவோனை அனுப்பவில்லை.

6. எதிர்வாதம் ஒன்று

புனரமைக்கப்படாத நிலையே ஒரு வரலாற்றுப் பெறுமதி என வாதிப்போர் உளர். அலோய்ஸ் றீகல் என்னும் ஒஸ்திரிய கலை வரலாற்றாசிரியர் 1903இலேயே நினைவுச்சின்னங்களின் முதுமைப் பெறுமதி பற்றி எழுதினார். கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை அடியொற்றிப் பழைய வாகனங்களுக்கும் டூரின் சாசனம் வகுக்கப்பட்டுள்ளது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. தொழிற்சாலையிற் பூசிய வர்ணமும் தையற்காரி இட்ட தையலும் அன்றைய தொழிலாளரின் கையெழுத்துக்கள். அவற்றைச் சுரண்டியெறிவது ஆவணத்தை அழிப்பதாகும். ஆனால் பேணலும் உழைப்பே. புறக்கணிப்பைப் பேணலெனப் பெயரிட்டு விலை கேட்பதை அச்சாசனத்தால் நியாயப்படுத்தவியலாது. துரு அக்கையெழுத்தை அழிப்பதேயன்றிக் காப்பதன்று.

7. நமது அனுபவம்

இவ்வேறுபாட்டை உணர நமக்கு நெருங்கிய சான்றொன்று உண்டு. 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியாற் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இலங்கையில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் தலைமுறை கடந்தும் ஓடின. 1990களின் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் அவை சில துளி பெற்றோலில் இயக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. இங்கு பழைய காரின் விலையைத் தாங்கியது அதன் ஓட்டம். புனரமைக்கப்படாதது என்ற வகை இங்கு வேரூன்றாமைக்குக் காரணம், கராஜ்த் தொழிலாளி அதனை நாள்தோறும் பழுது பார்த்தமையே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்களின் விலை ஏறியதும் பயன்பெறுமதியின் தட்டுப்பாட்டினாலேயே. வறுமையைப் போற்றுவதற்காக இது கூறப்படவில்லை. விலைக்குப் பின்னால் உழைப்பும் தேவையும் நின்றால் விலை எவ்வாறு அமையும் என்பதைக் காட்டவே கூறப்பட்டது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். மீள உற்பத்தி செய்யவியலாத ஒருசில கார்களின் விலைத் தருக்கம் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட கார்களுக்கு ஏற்றப்பட்டமையே மிகைவிலையின் தோற்றுவாய். அவ்வேற்றத்தைச் சாத்தியமாக்கியது, உற்பத்தியில் வருவாய் காணாத மூலதனம் பழம்பொருளை நிதிச்சொத்தாக்கிய வரலாற்றுச் சூழல். அவ்விலையினுள் மறைக்கப்படுவது, காரைச் செய்த தொழிலாளியினதும் அதனை மீட்கவேண்டிய தொழிலாளியினதும் உழைப்பு.

துருவேறிய காரின் தந்தம் யாது என்ற வினாவுக்கும் இதுவே விடை: இனிவரும் ஒருவனின் உழைப்பே அத்தந்தம். அதனைத் தன்னிடம் ஏற்கெனவே உள்ளதாகக் காட்டி விற்பவர் விலை கேட்கின்றார். முலூஸ் தொழிலாளர் கதவைத் திறந்தபோது கண்டது பளபளப்பான கார்களை மாத்திரமன்று. தமது கூலியின் எஞ்சிய பகுதியையும் அங்கே கண்டனர். தொழில்துறை மரபுச் சின்னங்களின் விலையை ஆராய்வோர், அக்கதவு வழியாகவே தம் ஆய்வைத் தொடங்குதல் பொருந்தும்.